ஈரத்துக்குக் கழிவு

அட்டன் டவுனில், கருவாட்டுக் கடைச் சந்துக்குள்,
ஹிதாயத் முதலாளியின் பழைய பேப்பர் கடை.
பத்தாம் திகதி சம்பளம்,
பதினோராம் திகதி நான் அங்கே.
கணக்குக் கொப்பி, கிழிந்த வினாத்தாள்,
நின்றுபோன யாரோ ஒருவரின் கலியாணக் கார்டு நூறு.
எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் என்னுடையவை.

தராசில் வைத்தார். நாலரைக் கிலோ.
"ரெண்டு கிலோ கழிங்க" என்றேன், முதல்முறை.
"எதுக்கு?"
"ஈரத்துக்கு."
ஒரு பக்கத்தைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார்.
"மழை நாள்ல எல்லாந்தான் ஈரம்."
"எங்க கூடைக்கும் அதையேதான் சொல்றாங்க,
வெயில் நாள்லயும்."
அவர் சிரிக்கவில்லை. ஒரு கிலோ கழித்தார்.
கேட்காமலே இன்றுவரை கழிக்கிறார்.

லயத்தில் எட்டாம் காம்பரா.
கழுவிக் காயவைத்த உரப்பைகளில், பூச்சி உருண்டையோடு,
நூற்றுப் பதினாறு இதழ்கள்.
அடுப்புக்கு மேல் கொடி கட்டி
நனைந்த சனிக்கிரகத்தை உலர்த்தியிருக்கிறேன்,
வளையம் கொஞ்சம் புகை பிடித்துவிட்டது.
பேய்க்கணவாய் ஒன்று, கண்ணாடித் தொட்டியில்.
எங்கோ ஒரு குகைச் சுவரில் காட்டெருமை,
பக்கத்தில் வரைந்த ஆளின் கை.
என் விரல்களை அதன்மேல் வைத்துப் பார்த்தேன்,
கறை என்னுடையதில்தான் கூட.

துரை பங்களாவிலிருந்து வந்தவை ஆங்கிலம்.
படத்துக்குக் கீழே இரண்டு வரி,
கொழுந்து மாதிரி, மேலே உள்ளதை மட்டும் கிள்ளுவேன்.

அட்டை இல்லாத இதழ்தான் மலிவு.
தேவசகாயம் சொல்வார்:
"கால்ல இருக்கிற அட்டையைப் பிடுங்கி அதுல ஒட்டு."

தமிழில் வந்தது 'நுண்ணோக்கி'.
எழுபத்திரண்டு ஒக்டோபர், பக்கம் நாற்பத்தொன்று,
வாசகர் கேள்வி:
"தேயிலையை வெட்டாமலே விட்டால்
எவ்வளவு உயரம் வளரும்?
– ஆ. பாக்கியநாயகி, ஸ்டோனிவேல், கீழ்ப்பிரிவு."

ஸ்டோனிவேல் எங்கள் தோட்டம்.
கிலோ குறைந்தால் அரைப்பேர் போடும் தோட்டம்.
இங்கே அவளுக்கு முழுப்பேர்,
அச்சில், முதலெழுத்தோடு.

கீழ்ப்பிரிவில் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.
கப்பலேறியிருக்கலாம்.
கலியாணம் கட்டி மஸ்கெலியாப் பக்கம் போயிருக்கலாம்.
கேள்விக்குக் கீழே பொடி எழுத்தில்:
"விடை அடுத்த இதழில்."

அடுத்த இதழ் என்னிடம் இல்லை.
ஒன்பது வருடமாய் இல்லை.
டிசம்பர் இருக்கிறது, இரண்டு பிரதி.
பண்டாரவளை, பதுளைக் கடைகளுக்கெல்லாம்
ஹிதாயத் முதலாளி சொல்லி வைத்திருக்கிறார்.
ஒருமுறை போன் எடுத்தார், "நவம்பர் வந்திருக்கு."
அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஓடினேன்.
வேறு வருடத்து நவம்பர்.
முழுக்கக் காளான்கள்.
வாங்கிக்கொண்டேன்.

போன மார்கழியில் ஒரு ஞாயிறு,
கைவிட்ட பன்னிரண்டாம் நம்பர் மலைக்கு விறகு பொறுக்கப் போனேன்.
கவ்வாத்துக் கத்தி ஏறாத முப்பது வருடம்.
என் இடுப்பைத் தாண்டித் தேயிலையை நான் பார்த்ததில்லை.
அன்று அண்ணாந்தேன்.
உச்சியில் வெள்ளைப் பூ,
நடுவில் முட்டைக்கரு மஞ்சள்,
அதற்குள் தலைகீழாய் ஒரு தேனீ.

விறகுக் கயிற்றில் கல்லைக் கட்டி எறிந்தேன்.
முதல் கல் என் தோளிலேயே விழுந்தது.
நாலாவது உச்சிக் கிளையைத் தொட்டது.
தரை தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டு,
விறகில்லாமல் வீட்டுக்கு வந்து,
தேவசகாயத்தின் தச்சு டேப்பில் அளந்தோம்.
அவர்தான் மறுமுனையைப் பிடித்தார்,
எதற்கென்று கேட்கவில்லை.

பக்கம் நாற்பத்தொன்றின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
"இருபத்து மூன்று அடி. பூக்கும்.
இன்னும் வளருது.
– ம. எமில்டா, ஸ்டோனிவேல், மேற்பிரிவு."

நவம்பரைத் தேடுவதை நிறுத்தவில்லை.
அவர்கள் எத்தனை அடி சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும்,
ஈரத்துக்கு ஏதும் கழித்திருக்கிறார்களா என்று.